கம்ப்யூட்டரில் ஓடுது, போர்டில் சாகுது: க்ராஸ் கம்பைல் கிராஷ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் பட்டறையில் செய்வது சின்னச் சின்னப் பெட்டிகள். காசிமேட்டு ஐஸ் கம்பெனிகளிலும் மணலி, திருவொற்றியூர் பக்கத்துத் தொழிற்கூடங்களிலும் மின்மீட்டரையும் வெப்பநிலை சென்சாரையும் படித்து, சிம் கார்டு வழியாக அனுப்புகிற பெட்டி. உள்ளே ஏஆர்எம் போர்டு, அதில் லினக்ஸ். புரோகிராம் எழுதுவதும் கம்பைல் பண்ணுவதும் மேசைமேல் இருக்கிற இன்டெல் கம்ப்யூட்டரில். இப்படி ஒரு சிப்பில் உட்கார்ந்துகொண்டு வேறு சிப்புக்குக் கம்பைல் பண்ணுவதுதான் க்ராஸ் கம்பைல். பாலிடெக்னிக் முடித்துப் புதிதாக வருகிற தம்பி தங்கைகள் எல்லோரும் முதல் சில வாரங்களில் இதே கேள்விகளோடுதான் வந்து நிற்கிறார்கள். அவர்களுக்காக எழுதியது. இதே வேலையை வேறு ஊரில் செய்பவர்களுக்கும் உதவும்.

அதே புரோகிராம் என் கம்ப்யூட்டரில் நாள் முழுக்க ஓடுகிறது. போர்டில் போட்டதும் செத்துவிடுகிறது. எங்கிருந்து தொடங்குவது?

சோர்ஸ் ஃபைலை இப்போதைக்குத் திறக்காதீர்கள். ஓர் இயந்திரத்தில் உட்கார்ந்துகொண்டு இன்னோர் இயந்திரத்துக்கு எழுதுகிறோம். மர்மமாகத் தெரியும் கிராஷ்களில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் ஒளிந்திருக்கின்றன. அதனால் 'எந்த வரி தப்பு?' என்று கேட்பதற்கு முன், 'இந்த பைனரிக்குள் (கம்பைல் ஆகி வந்த ஃபைலுக்குள்) இருக்கும் ஒவ்வொரு துண்டும் எந்த ஊர்ச் சரக்கு?' என்று கேளுங்கள். கம்பைலர் எந்த சிப்புக்கு எழுதியது, ஹெடர் எந்த ஃபோல்டரிலிருந்து வந்தது, லைப்ரரி யாருடையது, போர்டில் அதை லைப்ரரிகளோடு சேர்த்து மெமரியில் ஏற்றும் லோடர் எது. இந்த நாலுக்கும் பதில் தெரியாமல் வரி வரியாக பிரின்ட்எஃப் போட்டுக்கொண்டு போனால் ராத்திரி முழுக்க உட்கார வேண்டியதுதான்.

'ஃபைல்' என்ற கட்டளையை பைனரிமேல் ஓட்டுங்கள். 32 பிட்டா 64 பிட்டா, ஏஆர்எம்மா இன்டெல்லா, லோடர் எது, பில்ட் ஐடி (அந்த பில்டுக்கென்றே உள்ள அடையாள எண்) என்ன என்று ஒரே வரியில் சொல்லிவிடும். அடுத்து 'ரீட்எல்ஃப்'. அதற்குப் பெரிய எழுத்து ஏ கொடுத்தால், எந்தத் தலைமுறை ஏஆர்எம்முக்குக் கம்பைல் ஆனது, தசம எண்களை ரிஜிஸ்டரில் அனுப்புகிறதா என்பது வரை வரும். போர்டில் ஏற்கெனவே ஒழுங்காக ஓடுகிற ஏதாவதொரு பைனரியை எடுத்து அதன்மேலும் இதையே ஓட்டி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

சாகும்போது எண் ஏதோ வருகிறது. அதற்கு என்ன அர்த்தம்?

ஷெல்லில் 'எக்கோ $?' போட்டால் வருகிற எண்ணில் 128ஐக் கழியுங்கள். மிச்சம்தான் சிக்னல் எண். 132 வந்தால் 4, சிப்புக்குப் புரியாத கட்டளை. 134 என்றால் புரோகிராம் தானாகவே அபார்ட் ஆகியிருக்கிறது. பெரும்பாலும் மால்லாக் தன் கணக்குப் புத்தகம் கெட்டுப்போனதைக் கண்டுபிடித்திருக்கும், அல்லது ஓர் அசர்ட் விழுந்திருக்கும். 135 பஸ் எரர். 139 எல்லோருக்கும் தெரிந்த செக்மென்டேஷன் ஃபால்ட். 137 என்றால் வெளியிலிருந்து யாரோ கொன்றிருக்கிறார்கள். மெமரி தீர்ந்து கர்னலே கொன்றிருக்க வாய்ப்பு அதிகம், 'டிமெசேஜ்' பாருங்கள். ஏஆர்எம் லினக்ஸில் இந்த எண்கள் இப்படி. மிப்ஸ் ரவுட்டர் என்றால் பஸ் எரர் 10, அங்கே 138 வரும்.

எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் "கிராஷ் ஆகுது" என்று மட்டும் சொல்லி என்னிடம் வராதீர்கள். 132ம் 135ம் தேட வேண்டிய இடத்தையே மாற்றிவிடும்.

ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது. ஆனால் 'அப்படி ஒரு ஃபைலோ ஃபோல்டரோ இல்லை' என்கிறது. எப்படி?

இல்லாதது உங்கள் ஃபைல் இல்லை, அதை ஏற்ற வேண்டிய லோடர். ஒவ்வொரு டைனமிக் பைனரிக்குள்ளும் தன் லோடரின் முழுப் பாதை எழுதியிருக்கும். டூல்செயின் என்பது கம்பைலர், லிங்க்கர், லைப்ரரி எல்லாம் சேர்ந்த தொகுப்பு. தசம எண்களை மிதவை ரிஜிஸ்டரில் அனுப்பும் ஹார்ட் ஃப்ளோட் டூல்செயின் 'எல்டி-லினக்ஸ்-ஏஆர்எம்எச்எஃப்.எஸ்ஓ.3' என்று எழுதும். சாதாரண ரிஜிஸ்டரில் அனுப்பும் சாஃப்ட் ஃப்ளோட் வெறும் 'எல்டி-லினக்ஸ்.எஸ்ஓ.3' என்று எழுதும். போர்டில் மற்றது இருந்தால் கர்னல் இந்தச் செய்தியைத்தான் தரும். ஒரு பெயரை இன்னொன்றுக்கு சிம்லிங்க் போட்டுச் சமாளிக்கச் சொல்லி யாராவது யோசனை தருவார்கள். செய்யாதீர்கள். தசம எண்ணை ஒருவர் ஒரு ரிஜிஸ்டரில் வைப்பார், வாங்குபவர் வேறு ரிஜிஸ்டரில் தேடுவார். புரோகிராம் சாகாமல் தப்பான வெப்பநிலையைக் காட்டிக்கொண்டே ஓடும். அது சாவதைவிட மோசம். டூல்செயினை மாற்றுங்கள்.

ராஸ்பெரி பை ஜீரோவில் மட்டும் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்'. மெயினின் முதல் வரியில் போட்ட பிரின்ட்எஃப்கூட வரவில்லை.

முதல் ராஸ்பெரி பையிலும் பழைய ஜீரோவிலும் இருப்பது ஏஆர்எம்1176, அதாவது ஏஆர்எம் 6ஆம் தலைமுறை. டெபியன், உபுன்டு தருகிற 'ஏஆர்எம்எச்எஃப்' டூல்செயின் 7ஆம் தலைமுறைக்கு எழுதும். ராஸ்பியன் தன் தொகுப்பை 6ஆம் தலைமுறைக்கென்று தனியாகக் கம்பைல் பண்ணி, அதற்கும் அதே 'ஏஆர்எம்எச்எஃப்' பெயரையே வைத்திருக்கிறது. பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு.

கம்பைலருக்கு '-எம்ஆர்ச்' கொடுத்து 6 என்று சொன்னால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. அந்த ஆப்ஷன் உங்கள் சோர்ஸை மட்டும்தான் கட்டுப்படுத்தும். மெயினுக்கு முன்னால் ஓடுகிற தொடக்கத் துண்டுகள், கம்பைலரின் துணை லைப்ரரியான லிப்ஜிசிசி எல்லாம் டூல்செயினோடு ஏற்கெனவே 7க்குக் கம்பைல் ஆகி வந்தவை. அதனால்தான் உங்கள் முதல் வரிக்கே வந்து சேராமல் சாகிறது. 1176க்கென்றே பில்ட்ரூட்டில் (போர்டுக்கான லினக்ஸையும் டூல்செயினையும் சோர்ஸிலிருந்து கட்டித் தரும் கருவி) ஒரு டூல்செயின் கட்டிக்கொள்ளுங்கள். ஜீரோ 2 டபிள்யூவில் இந்தத் தொல்லை இல்லை, அதில் இருப்பது கார்டெக்ஸ் ஏ53.

'ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை' என்கிறது.

ஜிலிப்சி என்பது பெரும்பாலான லினக்ஸ் புரோகிராம்கள் நம்பியிருக்கும் சி லைப்ரரி. இது நேர்மையான சாவு, காரணத்தைச் சொல்லிவிட்டுச் சாகிறது. உபுன்டு 22.04இல் ஜிலிப்சி 2.35, டெபியன் 11 ஓடும் போர்டில் 2.31. 2021 ஆகஸ்டில் வந்த 2.34இல் புரோகிராமைத் தொடங்கி வைக்கும் ஃபங்ஷனே புதுப் பதிப்பு பெற்றது. அதனால் அதற்குப் பிறகு வந்த ஜிலிப்சியோடு லிங்க் ஆன எந்த பைனரியும், வணக்கம் சொல்லும் நாலு வரிப் புரோகிராம் உட்பட, பழைய போர்டில் ஓடாது. போர்டின் சிஸ்ரூட்டை (போர்டில் உள்ள ஹெடர், லைப்ரரிகளின் பிரதி இருக்கும் ஃபோல்டரை) வைத்தே லிங்க் செய்யுங்கள். வேறெங்கிருந்தோ புது லிப்சியை எடுத்துப் போர்டில் காப்பி பண்ணினால் லோடரும் லிப்சியும் பொருந்தாமல் 'எல்எஸ்'கூட ஓடாமல் போகும்.

லைப்ரரி எல்லாம் சரி. லிங்க்கர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனாலும் லைப்ரரி ஃபங்ஷனைக் கூப்பிட்டதும் சாகிறது.

ஹெடரைச் சந்தேகப்படுங்கள். தப்பான லைப்ரரி உள்ளே நுழைந்தால் லிங்க்கர் 'பொருந்தவில்லை, தாண்டிப் போகிறேன்' என்று கத்தும். தப்பான ஹெடரை யாரும் தடுக்க மாட்டார்கள், அது வெறும் எழுத்துதானே. மேக்ஃபைலில் யாரோ கம்ப்யூட்டரின் இன்க்ளூட் ஃபோல்டரை '-ஐ' போட்டுச் சேர்த்திருப்பார்கள். பைத்தானின் பைகான்ஃபிக் ஹெடரைப் பாருங்கள்: லாங்கின் அளவு இன்டெல் 64 பிட்டில் 8 பைட், 32 பிட் ஏஆர்எம்மில் 4 பைட் என்று எண்ணாகவே எழுதி வைத்திருக்கும். அந்த 8 உங்கள் பில்டுக்குள் வந்துவிட்டால், ஸ்ட்ரக்சரின் நீளத்தை நீங்கள் ஒன்றாகவும் லைப்ரரி வேறாகவும் நினைத்துக்கொள்வீர்கள். எழுதுவது பக்கத்து வேரியபிள்மேல் விழும். சாவு எங்கோ, எப்போதோ நடக்கும்.

2038 ஜனவரி 19 சிக்கலுக்காக 32 பிட் சிஸ்டங்களில் நேரத்தை 64 பிட்டாக்குகிறார்களே, அதிலும் இதே ஆபத்து இருக்கிறது. பாதி ஃபைல் அந்த ஃப்ளாகோடும் மீதி இல்லாமலும் கம்பைல் ஆனால், நேரத்துக்கான ஸ்ட்ரக்சர் ஒருவருக்கு 16 பைட், மற்றவருக்கு 8.

ஜிசிசிக்குப் பெரிய எழுத்தில் '-எச்' கொடுத்தால், உள்ளே இழுக்கும் ஒவ்வொரு ஹெடரின் பாதையையும் அச்சிடும். அதில் சிஸ்ரூட்டுக்கு வெளியே ஒரு பாதை தெரிந்தாலும் அதுதான் குற்றவாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 'பிகேஜி-கான்ஃபிக்' பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க: 'பாத்' வேரியபிள் தேடும் இடங்களோடு ஒன்றைச் சேர்க்கத்தான் செய்யும். பழைய இடங்களை ஒதுக்கிவைக்க 'லிப்டிர்' வேரியபிள் வேண்டும், கூடவே 'சிஸ்ரூட்டிர்'. இரண்டையும் வையுங்கள்.

மீட்டரிலிருந்து முழு எண் ஒழுங்காக வருகிறது. வோல்டேஜைத் தசமமாகப் படித்தால் மட்டும் பஸ் எரர். அக்கா, நான் மீட்டரை மாற்றிக்கூடப் பார்த்துவிட்டேன்.

மீட்டர்மேல் தப்பில்லை. எங்கள் வேலையில் இது திரும்பத் திரும்ப வருவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மீட்டர் சீரியல் ஒயரில் பேசும் முறைக்கு மோட்பஸ் ஆர்டியு என்று பெயர். அதில் வரும் பதிலில் முதல் பைட் மீட்டரின் முகவரி, இரண்டாவது ஃபங்ஷன் எண், மூன்றாவது பைட்களின் எண்ணிக்கை. தரவு தொடங்குவது ஆஃப்செட் 3இல். அந்த இடத்துக்கு ஒரு ஃப்ளோட் பாயின்டரை காஸ்ட் பண்ணி நேராகப் படிக்கிறோம். இன்டெல் சிப் எந்த முகவரியிலிருந்து கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடும், அதனால் கம்ப்யூட்டரில் பிரச்சினையே தெரியாது. 32 பிட் ஏஆர்எம்மிலும் 6ஆம் தலைமுறையிலிருந்து சாதாரண 'எல்டிஆர்' கட்டளை ஒற்றைப்படை முகவரியைப் பொறுத்துக்கொள்ளும். முழு எண் சரியாக வந்தது அதனால்தான். தசம எண்ணை நேரே மிதவை ரிஜிஸ்டருக்குள் ஏற்றும் 'விஎல்டிஆர்' பொறுக்காது. முகவரி 4ஆல் வகுபட்டே ஆக வேண்டும். இல்லையென்றால் சிப் ஃபால்ட் எழுப்பும், கர்னலும் இதைச் சரிசெய்து தராமல் சிக்னல் 7ஐ அனுப்பிவிடும்.

இப்போது 'பிரின்ட்எஃப் சேர்த்தால் கிராஷ் மறைந்துவிடுகிறது' என்ற புகாருக்கும் விடை கிடைக்கும். ஃப்ளோட்டை வைத்துக் கணக்குப் போடாமல் வெறுமனே இடம் மாற்றினால் கம்பைலர் பல சமயம் சாதாரண எல்டிஆரையே எழுதிவிடும், சாகாது. கணக்கு ஒன்று சேர்த்தால் விஎல்டிஆர் வரும், சாகும். பஃபர் ஸ்டேக்கில் எங்கே உட்காருகிறது என்பதும் சேர்ந்துகொள்ளும். பஃபர் 4ஆல் வகுத்தால் 1 மீதி வரும் முகவரியில் தொடங்கினால், ஆஃப்செட் 3 தற்செயலாக ஒழுங்கான இடத்தில் விழுந்துவிடும். இன்னொரு வேரியபிள் சேர்த்தீர்கள், எல்லாம் நகர்ந்தது. புரோகிராமைத் தொடாமல் ஆப்டிமைசேஷனை மட்டும் குறைத்தவர்களுக்கும் இதே மாயம் நடக்கும். '-ஓ0'வில் ஓடுகிறது என்பதால் கம்பைலர்மேல் பழி போடாதீர்கள்.

மெம்காப்பி போட்டு எடுத்தால் தீரும். நாலு பைட் மெம்காப்பியை ஜிசிசி ஒரே லோடாகச் சுருக்கிவிடும், வேகம் குறையாது. அதைவிட நல்லது பைட்களை நீங்களே ஷிஃப்ட் பண்ணிச் சேர்ப்பது. மோட்பஸில் ஒவ்வொரு ரிஜிஸ்டரும் பெரிய பைட் முதலில் என்று வரும், ஆனால் ஒரு ஃப்ளோட்டுக்கான இரண்டு ரிஜிஸ்டர்களில் எது முதலில் என்பது மீட்டருக்கு மீட்டர் மாறும். எப்படியும் வரிசைப்படுத்த வேண்டியிருப்பதால் ஷிஃப்ட்டே இரண்டு வேலையையும் முடித்துவிடும். 64 பிட் ஓஎஸ் போட்ட போர்டில் அதே காஸ்ட் சாகாமல் ஓடும். அதைப் பார்த்து அப்படியே விட்டுவிடாதீர்கள். ஜிசிசி 8லிருந்து 'காஸ்ட்-அலைன்=ஸ்ட்ரிக்ட்' என்ற எச்சரிக்கை இருக்கிறது. இன்டெல்லுக்குக் கம்பைல் பண்ணும்போதுகூட இந்த வரிகளைச் சுட்டிக்காட்டும். எங்கள் மேக்ஃபைல் எல்லாவற்றிலும் அது உண்டு.

லாக் எழுதும் பிரின்ட்எஃப் வரியிலேயே செக்மென்டேஷன் ஃபால்ட். ஒரு நேரம், ஒரு பெயர், அவ்வளவுதான் அச்சிடுகிறேன்.

நேரம் 64 பிட் முழு எண், ஃபார்மட்டில் '%எல்டி' என்று எழுதியிருக்கிறீர்கள். இன்டெல் 64 பிட் லினக்ஸில் லாங்கும் 64 பிட் என்பதால் கம்பைலர் எச்சரிக்கைகூடத் தராது. 32 பிட் ஏஆர்எம்மில் ஃபார்மட் ஆர்0இல் போகும். 64 பிட் எண் இரட்டைப்படை ரிஜிஸ்டரில்தான் தொடங்க வேண்டும் என்பதால் ஆர்1ஐ விட்டுவிட்டு ஆர்2, ஆர்3இல் உட்காரும். பிரின்ட்எஃப்புக்கோ இது தெரியாது. '%எல்டி'க்கு ஆர்1இல் கிடக்கும் குப்பையை எடுக்கும். அடுத்த '%எஸ்'ஸுக்கு ஆர்2ஐ, அதாவது உங்கள் நேரத்தின் கீழ்ப்பாதியை, பெயர் இருக்கும் முகவரி என்று நம்பிப் போய் விழும். 'பிஆர்ஐடி64' மேக்ரோ பயன்படுத்துங்கள். க்ராஸ் பில்டில் மட்டும் வருகிற ஃபார்மட் எச்சரிக்கைகளை ஒன்று விடாமல் படியுங்கள். கம்ப்யூட்டரில் கம்பைல் பண்ணினால் அவை கண்ணிலேயே படாது.

சாகவில்லை, ஆனால் ஃபைலைப் படிக்கும் லூப் முடியவே மாட்டேன் என்கிறது.

ஏஆர்எம் லினக்ஸில் சாதாரண கேர் வகைக்கு மைனஸ் கிடையாது, 0 முதல் 255 வரைதான். இன்டெல்லில் மைனஸ் உண்டு. படித்த எழுத்தை கேர் வேரியபிளில் போட்டு, ஃபைல் முடிந்ததற்கு அடையாளமான மைனஸ் 1ஓடு ஒப்பிட்டால் என்றைக்கும் பொருந்தாது. இன்ட்டில் வாங்குங்கள்.

எந்த வரியில் செத்தது என்று போர்டிலிருந்தே எப்படிக் கண்டுபிடிப்பது? ஜிடிபி டீபக்கர் போட இடமில்லை.

போர்டில் ஜிடிபி தேவையில்லை. 'யூலிமிட்'டில் கோர் ஃபைலின் (சாகும் நொடியில் மெமரியின் நகல்) அளவை வரம்பில்லாமல் ஆக்குங்கள். எங்கள் பெட்டிகளில் ரூட் ஃபைல்சிஸ்டம் எழுத முடியாதது; அதனால் கர்னலின் 'கோர் பேட்டர்ன்' அமைப்பை டெம்ப் ஃபோல்டருக்குத் திருப்புங்கள். கிராஷ் ஆனதும் கோர் ஃபைலைக் கம்ப்யூட்டருக்கு எடுத்து வந்து 'ஜிடிபி-மல்ட்டிஆர்ச்'சில் திறங்கள். ஸ்ட்ரிப் பண்ணாத (சிம்பல்களை நீக்காத) பைனரியைக் கொடுத்து, சிஸ்ரூட்டைச் சொல்லி, பிறகு கோரை ஏற்ற வேண்டும். பில்ட்ரூட் என்றால் 'டார்கெட்' ஃபோல்டரைக் காட்டாதீர்கள், அதில் இருப்பவை ஸ்ட்ரிப் ஆனவை, 'ஸ்டேஜிங்'கைக் காட்டுங்கள். 'பிடி' போட்டால் வந்த வழி வரிசையாக வரும். 'எக்ஸ்/ஐ $பிசி' போட்டால் சாகக் காரணமான கட்டளையே வரும். அது விஎல்டிஆர் என்று தெரிந்த மாத்திரத்தில் மேலே சொன்ன மீட்டர் கேள்விக்குப் போய்விடலாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வாடிக்கையாளரிடம் போகும் ஒவ்வொரு பைனரியின் ஸ்ட்ரிப் பண்ணாத பிரதியையும் பத்திரமாக வையுங்கள். அதே சோர்ஸ்தானே, மறுபடி கம்பைல் பண்ணிக்கொள்கிறேன் என்றால் முகவரிகள் மாறியிருக்கலாம்; ஜிடிபி முழு நம்பிக்கையோடு தப்பான வரியைக் காட்டும். பில்ட் ஐடி இரண்டிலும் ஒன்றா என்று பார்க்காமல் எந்த வரியையும் நம்பாதீர்கள்.

பிடி போட்டால் வெறும் கேள்விக்குறிகள்தான் வருகின்றன.

லைப்ரரிக்கான சிம்பல் இல்லாமல் இருக்கலாம், அல்லது ஸ்டேக்கே நொறுங்கியிருக்கலாம். பிசி (ஓடும் கட்டளையின் முகவரி இருக்கும் ரிஜிஸ்டர்) 0 என்று இருந்தால் காலியான ஃபங்ஷன் பாயின்டரைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். எல்ஆர் ரிஜிஸ்டர் இன்னும் நல்ல நிலையில் இருக்கும், கூப்பிட்ட இடத்தை அதுவே சொல்லும். அந்த முகவரியை 'ஆடர்2லைன்' கட்டளைக்குக் கொடுங்கள். பிஐஇ வகை பைனரி (எந்த முகவரியிலும் ஏற்றக்கூடியது) என்றால் முதலில் அது ஏற்றப்பட்ட அடி முகவரியைக் கழிக்க வேண்டும். அடுத்த பில்டில் '-எஃப்அன்வைண்ட்-டேபிள்ஸ்' சேர்த்துவிடுங்கள்.

ஓபன்டபிள்யூஆர்டி ரவுட்டரில் மட்டும் த்ரெட் தொடங்கியதும் சாகிறது.

ஓபன்டபிள்யூஆர்டி என்பது ரவுட்டருக்கான லினக்ஸ். அங்கே ஜிலிப்சிக்குப் பதிலாக இருப்பது மசல் என்ற சி லைப்ரரி. ஜிலிப்சி த்ரெட்டுக்கு வழக்கமாக 8 எம்பி ஸ்டேக் கொடுக்கும், மசல் 128 கேபிதான். த்ரெட்டுக்குள் 200 கேபி அரே வைத்தால் விளிம்பைத் தாண்டிவிடும். ஸ்டேக் அளவை த்ரெட் உருவாக்கும்போதே கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் அரேயை மால்லாக்குக்கு மாற்றுங்கள்.

போர்டு வரைக்கும் போகவேயில்லை, பில்ட் பாதியிலேயே கிராஷ் ஆகிறது.

'எக்ஸெக் ஃபார்மட் எரர்' என்றால், பில்டுக்கு நடுவே ஓட வேண்டிய ஒரு கருவியை ஏஆர்எம்முக்குக் கம்பைல் பண்ணிவிட்டு அதைக் கம்ப்யூட்டரில் ஓட்டப் பார்க்கிறது. அந்தக் கருவிக்கு மட்டும் கம்ப்யூட்டரின் சொந்தக் கம்பைலரைக் கொடுக்க வேண்டும். 'இன்டர்னல் கம்பைலர் எரர்: கில்டு' என்றால் மெமரி தீர்ந்திருக்கிறது, மேக்கின் '-ஜே' எண்ணைக் குறையுங்கள், எண்ணே கொடுக்காமல் '-ஜே' போடவே போடாதீர்கள். கம்பைலர் ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஃபைலில் விழுந்தால் ரேமையோ சூட்டையோ சந்தேகப்படுங்கள், மெம்டெஸ்ட் ஒரு ராத்திரி ஓடட்டும். மே மாதத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இது அதிசயம் இல்லை. ஒரே ஃபைலில் ஒரே வரியில் விழுந்தால் மட்டும் கம்பைலரின் பக் என்று யோசிக்கலாம். கம்ப்யூட்டரிலேயே ஏஆர்எம் சிப்பைப் போல நடிக்கும் க்யூஇஎம்யூவுக்குள் விழுகிற புரோகிராமை ஜிடிபியில் பார்க்க, க்யூஇஎம்யூவுக்கே '-ஜி'யும் ஒரு போர்ட் எண்ணும் கொடுத்து வெளியிலிருந்து ஜிடிபியை இணையுங்கள்.

லினக்ஸ் இல்லாத கார்டெக்ஸ் எம்4 சிப். ஹார்ட்ஃபால்ட்டில் போய் நின்றுவிடுகிறது.

ஃபால்ட் ஆனதும் சிப் தானாகவே எட்டுச் சொற்களை ஸ்டேக்கில் வைத்துவிடும்: ஆர்0 முதல் ஆர்3 வரை, ஆர்12, எல்ஆர், பிசி, நிலை ரிஜிஸ்டர். ஏழாவதான பிசிதான் செத்த இடம். காரணம் சிஎஃப்எஸ்ஆர் ரிஜிஸ்டரில், ஹெக்ஸில் இ000இடி28 முகவரியில் இருக்கும். அதில் 'நோசிபி' பிட் ஏறியிருந்தால், ஹார்ட் ஃப்ளோட்டில் கம்பைல் பண்ணிவிட்டு மிதவை யூனிட்டை ஆன் பண்ண மறந்திருக்கிறீர்கள். 'இன்வ்ஸ்டேட்' ஏறியிருந்தால் ஏதோ ஃபங்ஷன் பாயின்டரின் கடைசி பிட் 0. தம்ப் கட்டளைக்கு அது 1 ஆக இருக்க வேண்டும். எம்0 சிப்பில் இந்தக் காரண ரிஜிஸ்டர் கிடையாது, பிசியை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

ஒரே ஒரு ஐஸ் கம்பெனியில் இருக்கிற பெட்டி மட்டும் கிராஷ் ஆகிறது. அதே பைனரி மற்ற இடங்களில் ஓடுகிறது.

நாலைந்து கோர் ஃபைல்களைச் சேர்த்து, செத்த முகவரிகளைப் பாருங்கள். எல்லாம் ஒரே இடம் என்றால் அந்த இடத்து மீட்டர் மட்டும் அனுப்பும் ஏதோ ஒரு பதில் நம் புரோகிராமைக் கவிழ்க்கிறது. சீரியல் போர்ட்டில் வருவதை அப்படியே பதிவு பண்ணிக் கொண்டுவந்து மேசையில் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு இடம் என்றால், முதலில் எஸ்டி கார்டில் இருக்கும் பைனரியின் ஷா256 கணக்கைப் பட்டறைப் பிரதியோடு ஒப்பிடுங்கள். கார்டு கெட்டுப்போய் ஒரு பைட் மாறியிருந்தாலும் தெரிந்துவிடும்.

அதுவும் சரியாக இருந்தால் மின்சாரம்தான். அம்மோனியா கம்ப்ரஸர் மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நொடியில் வோல்டேஜ் இறங்கும். ராஸ்பெரி பையில் 'கெட் த்ராட்டில்டு' கட்டளையின் விடையில் பிட் 16 ஏறியிருந்தால், பூட் ஆனபிறகு ஒரு தடவையாவது சப்ளை சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போயிருக்கிறது. கிராஷ் ஆன நேரங்களையும் மோட்டார் ஸ்டார்ட் ஆன நேரங்களையும் அங்கே வேலை செய்கிற அண்ணன்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கனெக்டர்களையும் கழற்றிப் பாருங்கள். காசிமேட்டில் கடல் உப்பு ஒரு பக்கம், ஈரத்தோடு சேர்ந்து செம்பை அரிக்கிற அம்மோனியா இன்னொரு பக்கம். டெர்மினலில் பச்சை பூத்திருந்தால் புரோகிராமைத் தொடாதீர்கள். ஒயர் நுனியை வெட்டி, டின் பூசிய புது லக் அடித்து, பெட்டியின் கேபிள் கிளாண்டை இறுக்கிவிட்டு மறுபடி ஓட விடுங்கள்.